தலையெழுத்தும் கையெழுத்தும்

பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய்ய வேண்டும் என்று கீதை சொல்வது நம் எல்லாருக்கும் தெரியும். சமய வகுப்பில் கேட்டிருக்கிறோம், எஸ்.பி.எம். பரீட்சைக்கு முன்னால் ஆசிரியர் சொல்லிக் கேட்டிருக்கிறோம், டி-சட்டையில்கூட அச்சடித்து விற்கிறார்கள். இந்த உபதேசத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதைக் கிளப்பிவிட்டது ஒரு பழம். வடமொழியில் 'பலம்' என்றாலே பழம்தான். நாம் சொல்லும் 'பலன்' அதிலிருந்துதான் வந்தது. என் சந்தேகம் டுரியான் பழத்தைப் பற்றியது.

கெடாவில் இருக்கிறவர்களுக்கு 2022 ஜூலை 4 நினைவிருக்கும். பாலிங் மாவட்டத்துக் குப்பாங் பக்கம், பேராக் எல்லையை ஒட்டிய குனோங் இனாஸ் மலையிலிருந்து 'கெப்பாலா ஆயர்' இறங்கியது. மலைமேல் பெய்த மழை ஒரேயடியாகத் திரண்டு கீழே பாய்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள். வந்தது வெறும் தண்ணீர் இல்லை. சேறும், பாறையும், வேரோடு புரண்டு வந்த மரக்கட்டைகளும் கம்போங் இபோயிலும் பக்கத்துக் கிராமங்களிலும் வீடுகளை அடித்துக்கொண்டு போயின. மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் பிள்ளைத்தாய்ச்சி.

மலைமேல் முசாங் கிங் டுரியான் தோட்டம் போடக் காட்டை வெட்டியிருந்தார்கள். கிராம மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அதைச் சுட்டிக்காட்டினார்கள். தோட்டம் காரணம் இல்லை, கனமழைதான் காரணம் என்று மாநில அரசு மறுத்தது. இந்தக் கட்டுரையில் நான் நீதிபதி நாற்காலியில் உட்காரப் போவதில்லை. நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்லி, அந்தக் கணக்கு என்னைக் கொண்டுபோய் விட்ட கேள்வியைச் சொல்கிறேன்.

முதலில், ஏன் மலை? டுரியான் மரத்துக்கு வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகும், தண்டில் புண் வரும், மரம் போய்விடும். அதனால் தண்ணீர் வடியும் சரிவு நிலம் அதற்குப் பிடிக்கும். பூக்க வேண்டுமானால் இரண்டு மூன்று வாரம் நல்ல வெயிலும் வேண்டும். வருஷத் தொடக்கத்தில் காயும் வட மாநிலங்கள் அதற்குத் தோதுதான். இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த சங்கதி இல்லை. கெடா கம்போங்களில் டூசுன் இருந்திருக்கிறது. நாலு டுரியான், ரெண்டு ரம்புத்தான், மங்குஸ்தீன், லங்சாட், ஓரத்தில் பெத்தாய் என்று எல்லாம் கலந்து நிற்கும். கீழே புல், மேலே கிளை, மண் திறந்து கிடக்காது. தாத்தா நட்டதைப் பேரன் பொறுக்குவான்.

முசாங் கிங் வந்த பிறகு கதை மாறியது. 1993-இல் டி197 என்று பதிவான ரகம் இது. 2019 முதல் முழுப் பழத்தையே உறைய வைத்துச் சீனாவுக்கு அனுப்ப வழி திறந்தது. 2024-இல் புதுப் பழத்துக்கும் அனுமதி வந்தது. விலை ஏறிய பிறகு டூசுன் அளவு யாருக்குப் போதும்? எக்ஸ்கவேட்டர் கொண்டுவந்து மலையைப் படிப்படியாக வெட்டி, ஒரே ரகத்தை வரிசையாக நடுகிறார்கள். ஒட்டுக்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். மூடுபயிர் போட்டு ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாவிட்டால், அத்தனை வருஷமும் மலை சட்டையைக் கழற்றிப் போட்ட மாதிரி நிற்கும்.

இப்போது கணக்கு. மழைநீர் ஓட்டத்தைக் கணிக்க இரண்டாம் ஆண்டிலேயே 'ரேஷனல் மெத்தட்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். ரொம்பச் சுலபம். மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்: எவ்வளவு பரப்பு, எவ்வளவு வேகமாக மழை, பெய்த மழையில் எத்தனை பங்கு மண்ணில் இறங்காமல் மேலே ஓடுகிறது. இந்த மூன்றாவதை 'ஓட்டக் கெழு' என்போம். ஓர் எடுத்துக்காட்டு: 36 ஹெக்டர் சரிவில் மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை. ஒரு சொட்டுகூட மண்ணில் இறங்கவில்லை என்றால் வினாடிக்கு 6 கன மீட்டர் தண்ணீர் கீழே வரும். கெழு 0.3 என்றால் 1.8 கன மீட்டர். அதே இடம், அதே மழை, கெழு மட்டும் 0.6 ஆனால் 3.6 கன மீட்டர். மழை ஒரு துளி கூடவில்லை, வெள்ளம் இரண்டு மடங்காகிவிட்டது. சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கான கணக்கு இது. இனாஸ் மாதிரி பெரிய மலைக்கு இதை அப்படியே போட முடியாது. மண்சரிவும் கட்டைகளும் இந்தப் பெருக்கலுக்குள் வராது, அவை இதைவிட மோசம். ஆனால் விஷயம் புரியும்.

மழை மேலேயிருந்து வருவது. பரப்பும் சரிவும் மலை உண்டான நாளிலிருந்து இருப்பவை. இந்த மூன்று எண்களில் மனிதக் கை படுவது ஒன்றே ஒன்றில்தான். காடு அந்த எண்ணைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது, எக்ஸ்கவேட்டர் அதை மேலே தள்ளுகிறது. 'கனமழைதான் காரணம்' என்று எங்கே யார் சொன்னாலும் இன்ஜினியரிங் மாணவனுக்கு அது பாதிப் பதில்தான். மழை ஒரு காரணம், சரி. பெருக்கலில் மற்ற எண்கள் எங்கே?

இதை நான் என் மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி. கோல கெட்டில் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்ன பிறகு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். இப்போது பாலிங் பக்கம் ஒரு டுரியான் தோட்டத்தில் புல் வெட்டுகிறார், மருந்து அடிக்கிறார். நாள் சம்பளம்தான். மழை பெய்தால் அதுவும் இல்லை.

அவர் சிரித்தார். "மாப்ள, நீ சொல்றதெல்லாம் சரிதான். நான் இன்னைக்கு வேலைக்குப் போகலன்னா மரம் நிக்குமா, மலை நிக்குமா? வேற ஆள் வருவான். நான் என் வேலையச் செய்றேன், மழைய ஆண்டவன் பாத்துக்குவான். செத்தவங்களுக்கு அதான் தலையெழுத்து. நீங்கதான கோயில்ல பேசுறீங்க, பலனப் பாக்காம வேலையச் செய்யணும்னு?"

எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் வேலை செய்வதைத்தான் கீதை கேட்கிறதா? செத்தவர்களுக்கு அது கர்மா என்றால், செய்தவர்களுக்கு என்ன?

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் 'தலையெழுத்து' என்ற சொல் எங்கள் வீட்டில் பழைய சொல். என் பாட்டி தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் டின்னைச் சுமந்துகொண்டு, கையுறை இல்லாமல், காலில் ஒழுங்கான சப்பாத்து இல்லாமல் வருஷக்கணக்காகப் பராகுவாட் அடித்தார். நகம் கறுத்துக் கழன்றது. மூக்கில் ரத்தம் வரும். கேட்டால் ஒரே பதில்: "என் தலையெழுத்துய்யா." பாட்டி மட்டும் இல்லை, நம் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையில் பெண்கள்தான் அதிகம். தெனகானித்தா 2002-இல் அவர்களுடைய நிலையை ஆய்வு செய்து வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1-இலிருந்துதான் முழுத் தடை வந்தது. ஒரு தலையெழுத்து அரசாங்க உத்தரவினால் மாறுமா? மாறியதே! அப்படியென்றால் அது எழுதப்பட்டது பாட்டியின் தலையில் இல்லை, ஏதோ ஓர் ஆபீஸ் மேசையில், ஏதோ ஒரு பேனாவால். தலையெழுத்து என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது முக்கால்வாசி யாரோ ஒருவரின் கையெழுத்து.

கர்மா இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்த்து வைத்தது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இனிமேலுக்காக இன்று செய்து ஏற்றிக்கொள்வது ஆகாமியம். நாம் என்ன செய்கிறோம் என்றால், அடுத்தவன் துன்பத்தைப் பார்க்கும்போது பிராரத்தத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். ஆகாமியத்தை வசதியாக மறந்துவிடுகிறோம். கீழே இருப்பவர் அனுபவிப்பது அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே மலையை வெட்டியவருக்கு அது ஆகாமியம் இல்லையா? கணக்குப் புத்தகத்தில் பற்று மட்டும் எழுதி வரவு எழுதாமல் விட முடியுமா? தவிர, இன்னொருவருடைய முன்வினை எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிவது என் கை செய்வது மட்டும்தான். கர்மா என்பது என்னை நான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. செத்துப் போனவர்மேல் அதைத் தூக்கிப் போட நமக்கு உரிமை இல்லை. இபோயில் இறந்தவர்கள் இஸ்லாமியர்கள், அவர்கள் நம் கர்மக் கணக்கை ஏற்றுக்கொண்டவர்கள்கூட இல்லை.

இப்போது முதல் கேள்வி. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் அந்தப் புகழ்பெற்ற உபதேசம், பலன்மேல் உரிமை கொண்டாடாதே என்கிறது. எந்தப் பலன்? எனக்கு வரப்போகும் பலன்: லாபம், பேர், பதவி. என் வேலையால் அடுத்தவன் வீட்டுக்குள் போகும் சேற்றைப் பற்றி யோசிக்காதே என்று அது எங்கேயும் சொல்லவில்லை. சொல்லப்போனால் நேர்மாறு. அதே கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் செயல்களைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்று பிரிக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். பின்விளைவையும், வரப்போகும் இழப்பையும், பிறருக்கு ஏற்படும் தீங்கையும், தன் சக்தியையும் எண்ணிப் பார்க்காமல் மயக்கத்தால் தொடங்கும் செயல்தான் அங்கே தாமசச் செயல் என்று ஒதுக்கப்படுகிறது. இருபத்தைந்தாம் சுலோகம். இதை யாரும் டி-சட்டையில் அச்சடிப்பதில்லை.

என்னைக் கேட்டால், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை என்று நாங்கள் படிப்பதன் சாரம் அந்த ஒரு சுலோகத்திலேயே இருக்கிறது. பின்விளைவு, இழப்பு, தீங்கு, செய்பவனின் திறன் என்ற நான்கு தலைப்பும் அப்படியே அறிக்கையிலும் வரும். முசாங் கிங் முதலீட்டைப் பாருங்கள், எல்லாம் தலைகீழாக நடக்கிறது. எனக்கு வரும் பலன்மேல் முழுக்கண், பிறருக்குப் போகும் விளைவின்மேல் கண்ணே இல்லை. இதற்குப் போய்ப் பலன் கருதாத கர்மயோகம் என்று பேர் வைத்தால் கண்ணன் சிரிப்பான்.

ஆனால் மாமாவின் இன்னொரு வாதம் இன்னும் நிற்கிறது: நான் போகாவிட்டால் வேறு ஆள் வருவான். இது லேசில் தள்ளக்கூடிய வாதம் இல்லை. நிலம் கொடுத்த அதிகாரி, பணம் போட்டவர், வரைபடம் போட்ட இன்ஜினியர், எக்ஸ்கவேட்டர் ஓட்டியவர், புல் வெட்டும் மாமா, ஏற்றுமதி செய்பவர், சுங்கை பட்டாணி இரவுச் சந்தை ஓரம் லாரியில் வைத்து விற்பவர், வாங்கித் தின்னும் நான். வெள்ளம் இவர்களில் ஒருவரால் மட்டும் வரவில்லை. பாவத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஆளுக்கு அரைக்கால்தானா? உணவகத்தில் பில்லைப் பங்கு போடுகிற மாதிரி இதைப் போட முடியாது என்று நினைக்கிறேன். நான் பார்ப்பது இரண்டே அளவுகோல்: யாருக்குத் தெரிந்திருந்தது, யாரால் நிறுத்த முடிந்திருக்கும். மாமாவுக்குச் சரிவின் கோணம் தெரியாது. தெரிந்து வேண்டாம் என்று சொன்னாலும் அவருடைய ஒரு நாள் சம்பளம்தான் நிற்கும், மலை நிற்காது. அவர் பங்கு ரொம்பச் சின்னது. வரைபடத்தில் கையெழுத்துப் போடும் இன்ஜினியருக்குக் கோணமும் தெரியும், மண்ணும் தெரியும், ஓட்டக் கெழுவும் தெரியும். அவர் போடாவிட்டால் கோப்பு நகராது. பொதுமக்களின் பாதுகாப்புதான் முதல் கடமை என்று எங்கள் தொழில் நெறியே சொல்கிறது. 'வேறு ஆள் வருவான்' என்று மாமா சொல்லலாம். அந்த இன்ஜினியர் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னும் இரண்டு வருஷத்தில் அந்த இன்ஜினியர் நானாகவே இருக்கலாம், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நிலம் கொடுக்கும் மாநிலத்தையும் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும். குப்பாங்கில் இறங்கும் தண்ணீர் கெட்டில் ஆற்றில் சேர்ந்து, கோல கெட்டிலில் மூடா ஆற்றோடு கலக்கிறது. பினாங்கு எடுக்கும் மூல நீரில் சுமார் 80 விழுக்காடு அந்த மூடா ஆற்றுத் தண்ணீர். உலு மூடா காடு நிற்பதால்தான் மூடா, பெடு, ஆனிங் அணைகளில் தண்ணீர் இருக்கிறது, அலோர் ஸ்டார் பக்கத்து வயல்களில் நெல் விளைகிறது. காட்டைக் காப்பாற்றுவது கெடா, தொழிற்சாலை வைத்துப் பணம் பார்ப்பது பினாங்கு என்று கெடாக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. தண்ணீருக்கு வருஷம் 5 கோடி வெள்ளி கொடு என்று மந்திரி பெசார் கேட்டதும், முடியாது என்று பினாங்கு சொன்னதும் பத்திரிகையில் படித்ததுதான். கோரிக்கை சட்டப்படி சரியா என்பது வேறு விஷயம். மரம் நின்றால் காசில்லை, விழுந்தால்தான் காசு என்ற நிலையில் ஒரு ஏழை மாநிலத்தை வைத்துக்கொண்டு அதற்குத் தர்மோபதேசம் பண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காடு காக்கும் மாநிலங்களுக்கென்று 2019 பட்ஜெட்டில் மத்திய அரசு 6 கோடி வெள்ளி ஒதுக்கியது. தொடக்கம் நல்லது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 6 கோடி என்பதையும், பினாங்கிடம் கெடா ஒன்றே கேட்ட 5 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கீதை மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கடுமையான சொல் வருகிறது. தேவர்கள் கொடுத்ததை அனுபவித்துவிட்டுத் திருப்பி எதுவும் கொடுக்காதவன் திருடன். யாகம் செய்யாதவர்களைச் சொல்கிறது என்று நாம் கடந்து போய்விடுகிறோம். மழை, காடு, ஆறு என்று படித்துப் பாருங்கள். குழாயைத் திறக்கும் பினாங்குக்காரரும், பழம் தின்னும் நானும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறோம்.

தின்கிறவன் பங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. டுரியானை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. பழம் ஒரு பாவமும் செய்யவில்லை. டுரியான் பூ சாயங்காலம் விரிந்து ராத்திரி தேன் கொடுக்கும். அதைத் தேடி வந்து மகரந்தம் சேர்ப்பவை முக்கியமாகத் தேன் குடிக்கும் குகை வௌவால்கள். சுண்ணாம்புக் குகைகளில் கூட்டமாகத் தங்கி, இரவில் பல கிலோமீட்டர் பறந்து போய் மேயும். நம் பத்துமலையின் இருட்டுக் குகையிலும் இவை இருக்கின்றன. தைப்பூசத்துக்கு 272 படி ஏறும்போது பக்கத்திலேயே டுரியானின் கூட்டாளிகள் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், நாம்தான் கவனிப்பதில்லை. குகையும் வேண்டும், டுரியான் பூக்காத மாதங்களில் அவை பசியாற வேறு காட்டுப் பூக்களும், சதுப்பு நில மரங்களும் வேண்டும். எல்லாவற்றையும் வெட்டி டுரியான் மட்டும் நட்டால், டுரியானுக்கே ஆள் இருக்காது. டூசுன் வைத்த கிழவர்களுக்கு இந்த உயிரியல் தெரியாது, ஆனால் அவர்கள் செய்தது சரியாக இருந்தது.

காய்கறிக்கும் இதே கதைதான். கேமரன் மலையில் முட்டைக்கோசுக்கும் தக்காளிக்கும் மலையைச் சீவிய மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் போய்ப் படிந்து அதன் கொள்ளளவைத் தின்றுவிட்டது. 2013 அக்டோபரில் அந்த அணையைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. நம் வீட்டுக் குருமாவில் இருந்தது அந்த மலையின் முட்டைக்கோசாகவும் இருக்கலாம். ஆனால் லயத்து வீட்டுப் பின்னால் பாட்டி போட்ட முருங்கையும், கத்தரியும், பந்தலில் தொங்கிய புடலையும் யாரையும் கொல்லவில்லை. அந்த மண்ணையும் நம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள், அது வேறு சோகம்.

வாங்குபவன் என்ற முறையில் நான் செய்வது ரொம்பக் கொஞ்சம்: எந்த ஊர்ப் பழம், டூசுனா பெரிய தோட்டமா என்று விற்பவரிடம் கேட்பது. பாதிப் பேர் பொய் சொல்வார்கள் என்பதும் தெரியும். மாமா இதைக் கேட்டுவிட்டு, "நீ கேட்டா அவன் வெல ஏத்துவான், அவ்ளோதான்" என்றார்.

அடுத்த பருவத்தில் எனக்கு ஆறு மாதத் தொழிற்பயிற்சி. மண்வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே மலை வேலை வருமா என்று தெரியாது. வந்தால் மூன்று விஷயம் கேட்பதாக முடிவு பண்ணி வைத்திருக்கிறேன்: சரிவு வரைபடம் எங்கே, வண்டல் பிடிக்கும் குளம் எங்கே, ஆற்றோரம் கீழே யார் குடியிருக்கிறார்கள். பயிற்சி மாணவன் கேட்டு எக்ஸ்கவேட்டர் நிற்காது. மாமாவிடம் இதைச் சொன்னபோது இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "மூணாவது கேள்விய மொதல்ல கேளு" என்றார். அவர் வீடு கெட்டில் ஆற்றோரம்தான் இருக்கிறது.